சமூக ஊடகம் தந்த காயம்: தடைச் சட்டம் எட்டாத இடத்தில் 'சக ஆதரவு' கைகொடுக்குமா? சித்தூர், திருப்பதியை முன்வைத்து ஓர் அலசல்

16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகங்களைப் பயன்படுத்தத் தடை விதிக்கலாமா என்று ஆந்திர அரசு ஆராய்ந்து வருவதாக, அம்மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பம் மற்றும் கல்வித்துறை அமைச்சர் நாரா லோகேஷ் 2026 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டின்போது தெரிவித்தார். 2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியாவில் நடைமுறைக்கு வந்திருக்கும் சட்டம்தான் இதற்கு முன்மாதிரி. அங்கே முதல் சில வாரங்களிலேயே சுமார் 47 லட்சம் கணக்குகள் முடக்கப்பட்டன.

தடை சரியா, தவறா என்று டிவி விவாதங்கள் சூடு பறக்க நடக்கின்றன. ஆனால் இந்தச் சத்தத்தில் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. ஏற்கெனவே பாதிக்கப்பட்டவர்கள் என்ன செய்வது?

16 வயதில் போனுக்குள் போய், இப்போது 24 வயதில் வேலைக்கும் போய்க்கொண்டு, இரவு 2 மணி வரை ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருப்பவருக்கு எந்தத் தடைச் சட்டமும் உதவப்போவதில்லை. அவருக்குத் தேவை தடை அல்ல, மீள்வதற்கு ஒரு வழி. உலகின் பல இடங்களில் அந்த வழியாகப் பேசப்படுவது 'பியர் சப்போர்ட்'. தமிழில் சக ஆதரவு. அதாவது, அதே சிக்கலில் மாட்டி மீண்டவர்களும், மீண்டுகொண்டிருப்பவர்களும் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடிப்பது.

இது உண்மையிலேயே வேலை செய்யுமா? சித்தூர், திருப்பதி போன்ற ஊர்களில் சாத்தியமா? எங்கே சறுக்கும்? பார்ப்போம்.

பாதிப்பு என்று எதைச் சொல்கிறோம்?

'சோசியல் மீடியா அடிக்‌ஷன்' என்று பேச்சுவழக்கில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 அப்படியொரு நோயை அங்கீகரிக்கவில்லை. வீடியோ கேம் விளையாட்டுக் கோளாறுக்கு மட்டும் அதில் இடம் உண்டு.

நோயின் பெயர் இல்லை என்பதால் வலி இல்லை என்று ஆகிவிடாது. பாதிப்புகளை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் தெளிவு கிடைக்கும்.

முதலாவது, நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாத பயன்பாடு. தூக்கம் போகும், வேலையில் கவனம் சிதறும், வீட்டில் சண்டை வரும்.

இரண்டாவது, ஒப்பீடு. அடுத்தவர் உடம்பு, அடுத்தவர் கல்யாணம், அடுத்தவர் அமெரிக்க விசா என்று எல்லாவற்றோடும் தன்னை எடைபோட்டுக் குறுகிப்போவது. டீன்ஏஜ் பெண்களில் மூவரில் ஒருவருக்கு உடல் குறித்த மனக்குறையை இன்ஸ்டாகிராம் மோசமாக்குகிறது என்று ஃபேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆய்வே சொன்னது. 2021-இல் முன்னாள் ஊழியர் ஃபிரான்சஸ் ஹாகன் வெளிக்கொண்டுவந்த ஆவணங்கள் வழியாகத்தான் இது உலகுக்குத் தெரிந்தது.

மூன்றாவது, தாக்குதல். ட்ரோல், சாதி வசவு, மார்ஃபிங் செய்த படம், 'வீடியோவை வெளியிட்டுவிடுவேன்' என்ற மிரட்டல்.

மூன்றுக்கும் மருந்து ஒன்றல்ல. முதல் இரண்டிலும் சக ஆதரவு நேரடியாக உதவலாம். மூன்றாவதில் சைபர் கிரைம் புகார், சட்ட உதவி, சில நேரம் மருத்துவரும் தேவை. அங்கே நண்பர்கள் குழுவின் வேலை, பாதிக்கப்பட்டவரைத் தனியாக விடாமல் கூடவே போவது.

முதல் வகையில் நாம் இருக்கிறோமா என்று பார்க்க, நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய அளவுகோல் ஒன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அது கேட்பது ஆறே விஷயங்கள்தான்: எப்போதும் அதே நினைப்பா? நேரம் கூடிக்கொண்டே போகிறதா? கவலையை மறக்கத்தான் திறக்கிறீர்களா? குறைக்க முயன்று தோற்றீர்களா? கிடைக்காவிட்டால் எரிச்சல் வருகிறதா? வேலையோ படிப்போ கெடுகிறதா? பலவற்றுக்கும் 'அடிக்கடி' என்பது பதிலானால், யோசிக்க வேண்டிய நேரம் அது.

'ஆப்பை டெலிட் பண்ணிட வேண்டியதுதானே?'

எல்லோரும் தரும் இலவச அறிவுரை இது. பலர் செய்தும் பார்க்கிறார்கள். ஒரே வாரத்தில் ஆப் திரும்ப வந்துவிடுகிறது. மன உறுதி போதவில்லை என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வது அடுத்த கட்டம்.

உண்மையில் சிக்கல் மன உறுதியில் மட்டும் இல்லை. பொருளாதார அறிஞர் லியோனார்டோ பர்ஸ்டின் குழுவினர் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சுவாரஸ்யமான ஆய்வு நடத்தினார்கள். "4 வாரம் டிக்டாக் கணக்கை மூடி வைக்க எவ்வளவு பணம் வேண்டும்?" என்று கேட்டபோது, சராசரியாக 59 டாலர் கேட்டார்கள். இன்ஸ்டாகிராமுக்கு 47 டாலர். அதாவது, மற்றவர்கள் உள்ளே இருக்கும்போது தான் மட்டும் வெளியேற நஷ்டஈடு கேட்கிறார்கள்.

அடுத்து, "உங்கள் கல்லூரியில் எல்லோரும் சேர்ந்து மூடுவதாக இருந்தால்?" என்று கேட்டார்கள். பதில் தலைகீழானது. அப்படி நடக்க, தாங்களே கையிலிருந்து பணம் தரத் தயார் என்றார்கள்: டிக்டாக்குக்கு 28 டாலர், இன்ஸ்டாகிராமுக்கு 10 டாலர்.

இதன் பொருள் என்ன? பலர் அங்கே இருப்பது பிடித்துப்போய் அல்ல. மற்றவர்கள் இருப்பதால், விட்டுப்போனால் நாம் மட்டும் ஒதுங்கிவிடுவோமோ என்ற பயத்தால். ஆய்வாளர்கள் இதைக் கூட்டுப் பொறி என்கிறார்கள். கூட்டமாகச் சேர்ந்து விழுந்த பொறியிலிருந்து ஒருவர் மட்டும் ஏறி வருவது கடினம். சக ஆதரவின் அடிப்படை நியாயம் இங்கேதான் இருக்கிறது. ஊர் கூடினால்தான் தேர் நகரும்.

வெளியே வந்தால் பலன் உண்டா? 2018-இல் அமெரிக்காவில் 2,700-க்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனாளர்களிடம் நடந்த சோதனையில், 4 வாரம் கணக்கை மூடியவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிச்சமானது. மனநிறைவு சற்றே கூடியது. 'சற்றே' என்பதைக் கவனியுங்கள். அது மந்திரம் அல்ல. ஆனால் மிச்சமான நேரத்தில் ஒரு பகுதி நண்பர்களோடும் குடும்பத்தோடும் போனது என்பது கவனிக்க வேண்டிய தகவல்.

சக ஆதரவுக் குழுவில் என்ன நடக்கும்?

இதன் வேர் மதுப்பழக்கத்திலிருந்து மீள்பவர்களின் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பு. 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரான் நகரில் தொடங்கியது. 1957-இல் இந்தியாவுக்கு வந்தது. கட்டணம் இல்லை, டாக்டர் இல்லை, அறிவுரை இல்லை. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். உள்ளே பேசியது வெளியே போகாது. அவ்வளவுதான். 27 ஆய்வுகளை அலசி 2020-இல் வெளியான காக்ரேன் மறுஆய்வு, மதுவை முழுமையாக விட்டிருக்கச் செய்வதில் இம்முறையும் இதை ஒட்டிய சிகிச்சைகளும் மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாகவோ அவற்றைவிட மேலாகவோ இருப்பதாகக் கண்டது.

இதே வடிவத்தை இணையத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது 'இன்டர்நெட் அண்ட் டெக்னாலஜி அடிக்ட்ஸ் அனானிமஸ்' என்ற அமைப்பு. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். குடியை ஒருவர் முழுதாக விட்டுவிடலாம். போனை விட முடியுமா? யுபிஐ அதில், ஆபீஸ் வாட்ஸ்அப் அதில், அம்மாவின் வீடியோ கால் அதில்.

அதனால் அவர்கள் மூன்று கோடுகள் போட்டுக்கொள்கிறார்கள். கீழ்க்கோடு: நான் தொடவே கூடாதவை. உதாரணமாக, படுக்கையில் ரீல்ஸ். நடுக்கோடு: அங்கே இழுத்துச் செல்லும் தூண்டுதல்கள். தனிமை, சலிப்பு, சனிக்கிழமை இரவு. மேல்கோடு: அந்த இடத்தில் நான் செய்ய விரும்புபவை. நடை, சமையல், நேரில் ஒரு நண்பர். ஒவ்வொருவரும் தன் கோட்டைத் தானே போடுகிறார். குழு அதை நினைவுபடுத்துகிறது.

ஏன் சித்தூர், திருப்பதி?

திருப்பதி என்றதும் கோயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது ஒரு பெரிய மாணவர் நகரம். ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், 2015-இல் வந்த ஐஐடி, ஐசர் என்று வரிசையாக நிறுவனங்கள். ஊரைவிட்டு வந்து ஹாஸ்டலிலும் பிஜியிலும் தங்கியிருக்கும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள்.

கொஞ்சம் கிழக்கே போனால் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி ஸ்ரீசிட்டி. 2015 முதல் ஃபாக்ஸ்கான் நிறுவனம் இங்கே ஷாவ்மி போன்களைப் பூட்டியது. அந்த வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். நாள் முழுக்க போனைச் செய்துவிட்டு, ஷிஃப்ட் முடிந்து ஹாஸ்டல் அறைக்கு வந்தால் கூடப் பேச இருப்பதும் போன்தான். குடும்பம் தூரத்தில், பொழுதுபோக்கு இடம் அருகில் இல்லை. இந்தச் சூழலை மாற்றாமல் 'ஸ்க்ரீன் டைம் குறை' என்று சொல்வது வெற்றுப் பேச்சு.

மொழியும் ஒரு காரணம். நகரி, புத்தூர், சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் வீட்டில் தமிழும் வெளியில் தெலுங்குமாக வாழ்பவர்கள் ஏராளம். அவமானத்தையும் பயத்தையும் யாரும் இரண்டாம் மொழியில் சரளமாகச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் நடக்கும் ஆன்லைன் குழு இவர்களுக்கு எட்டாது. கிளினிக்கில் தெலுங்கு மட்டும் தெரிந்த ஆலோசகர் இருந்தாலும் பாதிதான் புரியும். பக்கத்து அறைத் தோழிக்கு முழுதாகப் புரியும்.

சிறப்புச் சிகிச்சைக்கோ தூரம் போக வேண்டியிருக்கிறது. தொழில்நுட்பப் பழக்கத்துக்கென்று இந்தியாவில் முதலில் வந்த 'ஷட்' கிளினிக், பெங்களூரு நிம்ஹான்ஸில் 2014-இல் டாக்டர் மனோஜ் குமார் சர்மா தலைமையில் தொடங்கியது. சித்தூரிலிருந்து சுமார் 180 கிலோமீட்டர். சித்தூருக்கு ஒரு மணி நேரத் தொலைவில் வேலூர் சிஎம்சி இருக்கிறது. அங்கே பாகாயத்தில் 1957-இல் தொடங்கிய மனநல மையம், நோயாளியோடு குடும்பத்தினரையும் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்கெடுக்கச் செய்யும் முறைக்குப் பெயர் பெற்றது. 'மருத்துவர் மட்டும் போதாது, கூட இருப்பவரும் வேண்டும்' என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிய கருத்து அல்ல.

இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான் இருக்கிறார் என்ற கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். எல்லோரையும் மருத்துவரே பார்ப்பது நடக்கிற காரியமா?

ஏற்கெனவே நடந்து காட்டிய ஊர்கள்

கூட்டாகப் பழக்கத்தை எதிர்கொண்ட அனுபவம் இந்தப் பக்கத்து மண்ணிலேயே உண்டு. அண்டை மாவட்டமான நெல்லூரின் தூபகுண்டா கிராமத்தில், 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள், பாடத்தில் வந்த சாராயப் பிரச்னையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு கடையடைப்பானது. கடையடைப்பு மாநிலம் தழுவிய போராட்டமானது. 1993 அக்டோபரில் ஆந்திராவில் சாராயம் தடை செய்யப்பட்டது. அதே பெண்கள் கூட்டங்களிலிருந்து 'பொதுப்பு லட்சுமி' சேமிப்புக் குழுக்கள் வளர்ந்தன. 'எங்க வீட்டில் மட்டும்தான் இப்படி' என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தது, 'எல்லார் வீட்டிலும் இப்படித்தான்' என்று தெரிந்த கணத்தில்தான் எல்லாம் மாறியது.

போன் விஷயத்திலேயே ஓர் உதாரணம் மகாராஷ்டிராவில் இருக்கிறது. சாங்லி மாவட்டத்தின் மோஹித்யாஞ்சே வட்காவ் கிராமத்தில் 2022 முதல் மாலை 7 மணிக்குச் சங்கு ஊதுகிறார்கள். டிவி, மொபைல் எல்லாம் அணையும். 8.30-க்கு மறுபடி சங்கு. அந்த ஒன்றரை மணி நேரம் படிப்புக்கும் பேச்சுக்கும். யாருக்கும் 'நான் மட்டும் எதையோ தவறவிடுகிறேன்' என்ற பதற்றம் இல்லை. ஏனென்றால், ஊரே ஆஃப்லைனில் இருக்கிறது.

எங்கே சறுக்கும்?

சக ஆதரவு நல்லது என்பதால் எந்தக் குழுவும் நல்லது என்று ஆகாது. இதில் ஆபத்துகளும் உண்டு.

ஒன்று, தீய பழக்கமும் கூட்டத்தில் பரவும். சிக்கலில் இருக்கும் பதின்ம வயதினரை ஒன்றாகக் குழுவில் உட்காரவைத்தபோது, சிலரின் நடத்தை மேலும் மோசமானதை உளவியலாளர் தாமஸ் டிஷியன் குழுவினர் 1999-இல் சுட்டிக்காட்டினார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் 'கெத்து' காட்டக் கற்றுக்கொண்டார்கள். எனவே பள்ளி மாணவர் குழுக்களுக்குப் பயிற்சி பெற்ற பெரியவர் ஒருவர் கட்டாயம் வேண்டும்.

இரண்டு, ரகசியம். சின்ன ஊரில் இது உயிர்நாடி. ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதும், ஒரு பெண்ணின் படிப்போ வேலையோ நின்றுபோக. 'போனைக் கொடுத்ததே தப்பு' என்று வீட்டில் பறித்துவிடுவார்கள் என்ற பயத்தாலேயே பலர் மிரட்டலைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆண்களும் பெண்களும் கலந்த குழு எல்லா விஷயத்துக்கும் ஒத்துவராது.

மூன்று, வாட்ஸ்அப் முரண். போன் பழக்கத்திலிருந்து மீள வாட்ஸ்அப் குழு தொடங்கி, ராத்திரி 12 மணிக்கு அதில் 'மோட்டிவேஷன்' வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தால், நோயே மருந்து வேஷம் போடுகிறது என்று பொருள்.

நான்கு, எல்லை தெரியாமை. நண்பர் வைத்தியர் அல்ல. உயிரை விடுவது பற்றிய பேச்சு, தன்னைத்தானே காயப்படுத்துதல், பல நாட்கள் தூக்கமோ சாப்பாடோ இல்லாமை, பாலியல் மிரட்டல் ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்றே தொழில்முறை உதவிக்குக் கொண்டுபோக வேண்டும். இங்கே 'ரகசியம் காப்பேன்' என்ற வாக்குறுதி செல்லாது. இதைக் குழுவின் முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும்.

நீங்கள் ஒரு குழு தொடங்க நினைத்தால்?

ஆபீஸிலோ பிஜியிலோ 5 முதல் 8 பேர் போதும். பெரிய திட்டம் தேவையில்லை.

வாரம் ஒரு நாள், ஒரே நேரம், நேரில். ஒரு மணி நேரம். போன்கள் அறைக்கு வெளியே. ஒவ்வொருவருக்கும் 5 நிமிடம் பேச்சு. குறுக்கே பேசக்கூடாது, கேட்காமல் அறிவுரை சொல்லக்கூடாது. 'நான் மூணு மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்கு வந்துட்டேன், உன்னால முடியாதா?' என்ற ஒப்பீடும் கூடாது. ஒப்பீட்டால் வந்த நோய்க்கு ஒப்பீட்டையே மருந்தாகக் கொடுக்க முடியாது.

முதல் மாதம் எல்லோரும் ஒரே ஒரு பொது விதியை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணமாக, இரவு 10.30-க்கு மேல் எல்லோருடைய போனும் படுக்கையறைக்கு வெளியே. கூட்டுப் பொறியைக் கூட்டாக உடைப்பது என்பது இதுதான். தவறினால் அபராதம் வேண்டாம், அடுத்த வாரம் வந்து சொன்னால் போதும். தவறியவர் கூட்டத்துக்கு வரத் தயங்கும் நிலை வந்துவிட்டால் அந்தக் குழு தோற்றுவிட்டது.

குழுவுக்கு ஓர் ஆலோசகரின் தொடர்பும் இருக்கட்டும். தேவைப்படும்போது அழைக்க ஒரு கதவு வேண்டும்.

அரசும் நிறுவனங்களும் தப்பிக்கலாமா?

கூடாது. 'நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று சொல்லி அரசு ஆலோசகர் பணியிடங்களைக் காலியாக வைத்திருப்பதற்கான சாக்காக சக ஆதரவு ஆகிவிடக்கூடாது.

தேவையான கட்டமைப்பு காகிதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. 2014-இல் தொடங்கிய மத்திய அரசின் வளரிளம் பருவத்தினர் நலத் திட்டத்தில் கிராமந்தோறும் 'சாத்தியா' என்ற பெயரில் சக கல்வியாளர்கள் உண்டு. ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தின் 11 கருப்பொருள்களில் இணையத்தையும் சமூக ஊடகத்தையும் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதும் ஒன்று. விசாகப்பட்டினத்தில் ஒரு நீட் மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் 2025 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் தகுதிபெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. திருப்பதியின் எத்தனை கல்லூரிகளில், கோச்சிங் சென்டர்களில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பதைப் பெற்றோரும் மாணவர்களும் கேட்கலாம். கேட்கும் உரிமை உண்டு.

2024-ஆம் ஆண்டு ஏசர் அறிக்கையின்படி, கிராமப்புற இந்தியாவில் 14 முதல் 16 வயதுள்ளவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரியும். அந்த வாரத்தில் படிப்புக்காகப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்காக 76 சதவீதம். இந்தப் பிள்ளைகள் இன்னும் சில ஆண்டுகளில் ஹாஸ்டலுக்கும் வேலைக்கும் வரப்போகிறவர்கள்.

முடிவில்லா ஸ்க்ரோலையும் தானாக ஓடும் வீடியோவையும் வடிவமைத்தது பயனாளர்கள் அல்ல, நிறுவனங்கள். அவற்றைக் கேள்வி கேட்பது சட்டத்தின் வேலை. அந்தச் சட்டம் வரும், வராமலும் போகலாம். வந்தாலும் 18 வயதைத் தாண்டியவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அதுவரை இன்றிரவு 1 மணிக்கு விழித்துக்கொண்டிருப்பவருக்கு உதவக்கூடியது, பக்கத்து அறையில் அதேபோல விழித்துக்கொண்டிருக்கும் இன்னொருவர்தான். அவர்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்ள வழி செய்வதில்தான் மீட்சி தொடங்குகிறது.

உதவி தேவையா?

மத்திய அரசின் டெலி-மானஸ் உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம். தமிழிலும் தெலுங்கிலும் பேசலாம். சென்னை சிநேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050. இணைய மிரட்டல் அல்லது மோசடி என்றால் தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930.